தலையைத் தொடவிடாதவள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நான்கு. மற்ற மூன்றும் என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஏழில் ஒன்றுகூட இன்றைக்கு அடுத்தவன் வாசலில் போய் நிற்கவில்லை. கண்டி டவுன் தெருவைக் கூட்டித்தான் அத்தனையையும் வளர்த்தேன். முனிசிப்பல் வேலை; பென்ஷன் வருகிறது. என்னை யாரும் அடி, வாடி என்று கூப்பிட்டது கிடையாது.

நான் வளர்க்காத ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். மஹய்யாவையில் எங்கள் சந்தில், எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் கீழே வளர்ந்தவள். பிற்பாடு என் கடைசி மகனைக் கட்டிக்கொண்டு என் மருமகளும் ஆனாள். அவள் பேர் இதில் வேண்டாம். பேரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காததைச் செய்து நான் பட்டது போதும்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. தன் தலையை யாரும் தொட விடமாட்டாள். கோவிலில் ஐயர் திருநீறு பூச வந்தால் உள்ளங்கையை நீட்டி வாங்கித் தானே பூசிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்க வந்தவன் முகத்தைத் திருப்பிவிடப் போனபோது, “எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நானே திருப்பிக்கிறேன்” என்றாளாம். தன் முடியைத் தானே வெட்டுவாள். பின்பக்கம் கோணலாக இருக்கும். இருந்தாலும் தானேதான் வெட்டுவாள்.

எங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் குனிந்து என் காலைத் தொடுகிறாள். ஆசீர்வாதம் பண்ண நான் கையை நீட்டியிருக்கிறேன். கைக்குக் கீழே தலை இல்லை. அதற்குள் நகர்த்திவிட்டாள். என் நாத்தனார் அன்றைக்கு எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: “என்னா மதினி, பேராதனை பஸ்ஸ மறிக்கிறீங்களா?” மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நாத்தனாரையும் மறக்கவில்லை.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்று கேட்டால் அவள் அப்பனைச் சொல்ல வேண்டும்.

அவனுக்குப் பழைய கார் வியாபாரம். சின்னக் கார் தொடமாட்டான். கொழும்பில் டாக்டர்மாரும் முதலாளிமாரும் ஓட்டி அலுத்துப்போன சொகுசுக் கார்களை எடுத்து வந்து, சந்து முடிகிற வெற்றுக் காணியில் நிறுத்திக் கழுவுவான். இருக்கைத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவான். டயருக்குக் கறுப்பு பாலிஷ் போடுவான். கடைசியில் பார்த்தால் கார் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

அந்த மாதிரிக் கார்களில் இஞ்சினுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குள் பல் வைத்த ரப்பர் பட்டி ஒன்று ஓடும். டைமிங் பெல்ட் என்பார்கள். வெளியே தெரியாது. சத்தம் போடாது. ஒரு நாள் அறுந்தால் இஞ்சினுக்குள் ஒன்றோடொன்று மோதி எல்லாம் வளைந்துவிடும். பழைய கார் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூடிக்குள்தான். மேல் பளபளப்பை அல்ல. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. கெட்டுத் தெரிந்தது.

விவரம் தெரிந்த ஆள் யாராவது வந்தால், “அண்ணே, பெல்ட் மூடியக் கழட்டிப் பாப்பமா?” என்று கேட்பான்.

“கழட்டலாம், அதுக்கென்னாங்க!” என்பான் அப்பன். “ஆனா இதெல்லாம் வெளிநாட்டு கிளிப்பு. ஒடைஞ்சா இங்க கெடைக்காது. ஏன், என் வார்த்தை பத்தாதா?” சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி, “பாப்பா, இங்க வாடா” என்று கூப்பிடுவான்.

அவள் வருவாள். கார் பார்க்க ஆள் வருகிற நாளில் அவளுக்கு வெள்ளைக் கவுனும் சிவப்பு ரிப்பனும். மற்ற நாளில் பொத்தான் இல்லாத சட்டை. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்; போனவள் போனவள்தான். அப்பன் கைலேஞ்சியில் விரல் விரலாகக் கிரீஸைத் துடைப்பான். துடைத்த கையை அவள் தலையில் வைப்பான்.

“இந்தா பாருங்க, ஒத்தப் பிள்ளை. தாயில்லாம வளர்ற பிள்ளை. இது தலையில அடிச்சுச் சொல்றேன், புதுப் பெல்ட் மாத்தித்தான் குடுக்கிறேன்.”

அதற்குப் பிறகு எவன் மூடியைக் கழட்டச் சொல்வான்? எங்கள் ஆட்களுக்கு அந்தத் தைரியம் வராது. கழட்டச் சொன்னால், சத்தியத்தை நம்பவில்லை, அந்தப் பிள்ளை செத்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி. வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவான்.

வியாபாரம் முடிந்ததும் அவள் நேரே பைப்படிக்குப் போவாள். கவுனோடு குனிந்து தலையைக் குழாய்க்குக் கீழே வைத்துக்கொள்வாள். ரிப்பன் எல்லாம் நனையும். வாளியோடு காத்திருக்கும் பெண்கள் கத்துவோம். “ஏய், தண்ணிய வீணாக்காத!” என்போம். கேட்காது அந்தப் பிள்ளை. ஈரத் தலையோடு அவள் சந்தில் ஏறி வருவதைக் கண்டால், ஒரு வண்டி போய்விட்டது என்று எங்களுக்குத் தெரியும். சந்துப் பையன்கள் அவளுக்கு ‘பெல்ட்டு’ என்று பேர் வைத்தார்கள். “ஏ பெல்ட்டு, இன்னைக்கி எத்தனை காரு தலையில ஏத்துனாங்க?” என்பார்கள். பெரியவர்களும் சிரிப்போம். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது.

என் கடைசி மகனுக்குக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக் கார், ஹயர், ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது அப்போதுதான். கறுப்புக் கார், நீளக் கார், பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கிற கார். அப்படி ஒன்று அந்தக் காணிக்கு வந்து நின்றது. முனிசிப்பலில் இருந்து நான் ஓய்வு பெற்றபோது வந்த மொத்தமும் என் இரட்டை வடச் சங்கிலியும் அதற்குள் போயின. அந்தக் கார்தான் என் மகனுடைய எதிர்காலம் என்று நினைத்தோம். மகன் ஒரு சிங்களப் பாஸைக் கூட்டி வந்திருந்தான். மெக்கானிக் வேலையில் கெட்டிக்காரர். அவர் ஒரு முறை பொனட்டைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“அம்மா, மேல் மூடி மட்டும் கழட்டினாப் போதும். கொஞ்ச நேர வேலை. பாக்காம எடுக்க ஏலாது” என்றார்.

அப்பன் சிரித்தான். “பாஸு ராகு காலம், எமகண்டம் பாக்கமாட்டாரு போல. அவருக்கு என்ன! நல்ல நேரம் போகுது. அக்கா, நீங்க சொல்லுங்க.”

நான் சொன்னேன்: “கழட்டவும் வேணாம், பூட்டவும் வேணாம். நல்ல காரியத்துக்கு நிக்கிற வண்டியில ஸ்பேனரப் போட்டுத் திருகாதீங்க. புள்ளயக் கூப்பிடு. தலையில அடிச்சுச் சொல்லு. அது போதும் எனக்கு.”

நான்தான் கேட்டேன். கேட்டதில் தப்பு என்ன? பெற்ற அப்பன் பிள்ளை தலையில் பொய்யாக அடிப்பான் என்று ஏழு பிள்ளை வளர்த்தவள் எப்படி நினைப்பாள்?

அவள் வந்தாள். வழக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாள். “வேணாம் அத்தை” என்றாள்.

“என்னா வேணாம்? ஒன்னையவா விக்கிறாங்க? சும்மா நில்லு புள்ள.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பன் கை இறங்கியது. அந்தக் கழுத்து தோளுக்குள் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து, சூடம் காட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். பாஸ் எங்களோடு காரில் ஏறவில்லை. நடந்து போனார்.

சில மாதம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு ஒரு முகூர்த்த நாள். மாவனல்லையில் இருந்து கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கண்டி மண்டபத்துக்கு வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுவிட்டது. “சத்தமே இல்லம்மா. கப்புன்னு அடங்கிப்போச்சு” என்றான் மகன். பெண்ணை ஒரு த்ரீவீலில் ஏற்றினார்கள். மாலை வெளியே தொங்க, சேலை புகை குடிக்க அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போனாள். போவதற்கு முன் பெண்ணின் தாய்மாமன் என் மகனை நடுத்தெருவில் வைத்து அறைந்தார். கடன் வாங்கி இஞ்சினைச் சரிசெய்த பிறகும் நீண்ட நாள் எவரும் எங்களுக்கு ஹயர் தரவில்லை.

பாஸ் மூடியைக் கழட்டினார். பட்டியை எடுத்து என் கையில் போட்டார். பல் உதிர்ந்த கிழவன் ஈறு மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் நூல் நூலாக வந்தது.

“இது கார் பொறந்தப்போ போட்ட பெல்ட் அம்மா” என்றார். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால் அவரையும் ஒரு கை பார்த்திருப்பேன்.

நான் சந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன். அவன் இல்லை. அவள் படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். அள்ளிய மண்ணைத் திரும்பக் கீழே போட முடியாது. அது நமக்கே வந்து சேரும். “நீ நாசமாப் போவ! என் மகன் வயித்துல அடிச்சவன் வம்சம் வெளங்காது!” என்று தூற்றினேன். மண் சோற்றிலும் விழுந்தது, அவள் தலையிலும் விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மண் விழாத பக்கமாகப் பார்த்து இன்னும் இரண்டு வாய் தின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள்.

அன்றையிலிருந்து சந்து காத்திருக்கத் தொடங்கியது.

பொய்ச் சத்தியம், அதைச் சொன்னவனை விட்டுவிடும். தலைக்குச் சொந்தக்காரரைத்தான் பிடிக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அப்பனை யாரும் கவனிக்கவில்லை. அவளைத்தான் கவனித்தோம். படியில் வழுக்கி விழுந்தால், “ஆரம்பிச்சிருச்சு” என்றோம். கணக்கில் பெயிலானால், “மூளைக்கு ஏறிருச்சு” என்றோம். ஒரு தரம் பள்ளிக்கூட பஸ் ஒன்று கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மதிலில் மோதியது என்று செய்தி வந்தது. எங்கள் சந்தில் இருந்து ஓடியவர்கள் தங்கள் பிள்ளைக்காக ஓடினார்கள். திரும்பி வந்ததும் முதல் பேச்சு, “பெல்ட்டு அதுல இல்லையாமே” என்றுதான். சொன்ன குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு அவளுக்கு டெங்கு வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆள் தேறாது என்று ஒருத்தி, ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று ஒருத்தி. சந்தே போய்ப் பார்த்தது. நானும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் ஒரு துணி கிடக்கிற மாதிரிக் கிடந்தாள். கண்ணை மட்டும் திறந்தாள்.

“பாக்க வந்தீங்களா அத்தை? இன்னும் இருக்கேன்.”

“என்னா புள்ள பேச்சு இது? தோடம்பழம் தின்னு.”

“வச்சிட்டுப் போங்க. நாளைக்கும் ஆள் வரும். அவங்களுக்குக் குடுக்கிறேன்.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாய். நான் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிழைத்து வந்தாள். வயதுக்கும் வந்தாள். தாய் இல்லாத வீடு. சடங்கை நாங்கள் பெண்கள்தான் செய்ய வேண்டும். மனையில் உட்கார வைத்தாயிற்று. மஞ்சள் தண்ணீர் தயார். யார் முதலில் தலைக்கு ஊற்றுவது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பொய்ச் சத்தியம் கிடக்கிற தலை. அதில் கை பட்டால் நம் வீட்டுக்குத் தொற்றிக்கொண்டு வருமோ என்று பயம். சுமங்கலிகள் எல்லாரும் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டே நின்றோம்.

அவள் ஈர மனையில் இருந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “பயப்படாதீங்க அத்தை. செம்பக் குடுங்க” என்றாள். என் கையில் இருந்ததை வாங்கித் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள். தானே தனக்குச் சடங்கு செய்துகொண்ட பெண்ணை நான் வேறு எங்கும் கண்டதில்லை. என்ன திமிர் என்று பேசிக்கொண்டே பலகாரம் தின்றோம்.

அவள் அப்பனும் அவளும் பிரிந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். பாவாடை தாவணி போடுகிற வயது வந்தும் அவன் அவளை விடவில்லை. வெள்ளைக் கவுனுக்குப் பதில் வெள்ளைத் தாவணி. கம்பளையில் இருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வெள்ளி நிறக் கார் ஒன்றைப் பார்க்க வந்திருந்தார்கள். பெண்சாதிக்கு நிறைமாதம். அப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, “பாப்பா” என்றான். அவள் வந்தாள். கை தலைக்கு வருகிற நேரம் பார்த்துக் கீழே குனிந்தாள். தகப்பன் சாமான் பையில் இருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். பொனட்டுக்குள் சாய்ந்து கிளிப்புகளை நெம்பினாள். ஒன்றும் உடையவில்லை. மூடி கையோடு வந்தது.

“அக்கா, இங்க வாங்க” என்று அந்த நிறைமாதக்காரியைக் கூப்பிட்டாள். “நகத்தால சொரண்டிப் பாருங்க. பொடியா வருதா? முதுகெல்லாம் வெடிச்சிருக்கு பாருங்க. இதுல எழுத்து இருக்கும், தேஞ்சே போச்சு. இது மலை ஏறாது. நீங்க பஸ்ஸுல போங்க.”

அவர்கள் போனார்கள். அவன் அவளை அடித்தான். கையால் அடித்தான், பிறகு அந்தப் பிளாஸ்டிக் மூடியால் அடித்தான். தலையிலேயே அடித்தான். நாங்கள் எல்லாரும் வாசலில்தான் இருந்தோம். நான் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பன் மகள் விஷயம். நடுவில் போகிற வழக்கம் இல்லை. மேலும், இதுதான் வர வேண்டியது, வந்துவிட்டது, இதோடு முடிந்தது என்று ஒரு நினைப்பு. முடியவில்லை. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். அவன் அந்த வாரமே வெள்ளிக் காரை எடுத்துக்கொண்டு போனவன், அவளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் டவுனில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வேலைக்கு நின்றாள். பெண் கேட்டு இரண்டு மூன்று பேர் சந்துக்கு வந்தார்கள். விசாரிக்கிறவர்கள் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். மஹய்யாவையில் என் வார்த்தைக்கு அப்படி ஒரு மதிப்பு. “பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா தலையில பொய்ச் சத்தியம் கெடக்கு. ஒங்க இஷ்டம்” என்று சொல்லி அனுப்புவேன். இதில் ஒரு சொல் பொய் உண்டா? அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியில் என் மகனே கேட்டான். காருக்குச் சாமான் வாங்கப் போய்ப் போய்ப் பழக்கம். இரண்டு பேருக்கும் வயது கொஞ்சம் தூரம்.

“அந்தத் தலையில நம்ம காரு கெடக்குடா” என்றேன்.

“அந்தக் கார நான்தானம்மா தெனமும் ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?” என்றான். அவன் அப்படி எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

மருமகளாக வந்தவளை நான் குறை சொல்லமாட்டேன். சோறு குழையாது, கறி உப்புக் கரிக்காது. என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். என் தலைக்கும் எண்ணெய் வைப்பாள். அவள் தலைக்கு வைக்க நான் கிண்ணத்தை எடுத்தால் எழுந்துவிடுவாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஏதோ சிக்கல் என்று தாதிமார் ஓடினார்கள். மகன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்குத்தான் போல என்று மட்டும் நினைத்தேன். அவள் பிள்ளையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். “இன்னும் இருக்கேன் அத்தை” என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது.

பேத்தி நடக்கவும் ஓடவும் தொடங்கி, பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்தது. கறுப்புக் காருக்கும் வயதாகிவிட்டது. விற்கலாம் என்று முடிவு. அலவத்துகொடையில் இருந்து ஒரு ஹாஜியார் பார்க்க வந்தார். மகன் பெட்ரோல் போட்டுவரப் போயிருந்தான். மருமகள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நான், ஹாஜியார், கார், பேத்தி.

“அம்மா, கார் நல்லா ஈக்குது. பெல்ட் மூடிய மட்டும் தொறந்து காட்டச் சொல்லுங்களே” என்றார்.

“ஹாஜியார், எங்க வீட்டுல மாத்தின பெல்ட்டு அது. போன வருசந்தான் மாத்தினது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“ஒங்கட பேச்ச நான் மறுக்கல்லெ. கண்ணால பாத்தா ஒங்களுக்கும் மரியாதெ, எனக்கும் மரியாதெ.”

எனக்குச் சுருக்கென்றது. என் வாசலில் வந்து நின்று என் வார்த்தைக்குச் சாட்சி கேட்கிறான் ஒருவன். “இந்தாங்க” என்றேன். “ஏ புள்ள, இங்க வா. இந்தாங்க ஹாஜியார், என் மகனுக்கு ஒத்தப் பிள்ளை. இது தலையில...”

“வேணாம் வேணாம்!” ஹாஜியார் பின்னால் போனார். “எங்களுக்குப் படைச்சவன வெச்சித் தவிர வேறெ சத்தியம் கூடாது. பிள்ளய விடுங்க அம்மா.”

என் கை இறங்கிக்கொண்டிருந்தது. முடியில் படுவதற்கு முன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் இருந்த தேத்தண்ணித் தட்டு வாசலில் கிடந்தது. பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் உடைந்து ரத்தம் வந்தது.

“கைய எடுங்க அத்தை.”

சத்தம் போடவில்லை. பேத்தியை வீட்டுக்குள் அனுப்பினாள். ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து மூடியைக் கழட்டினாள். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. எழுத்துக்கூட அழியவில்லை. ஹாஜியார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது போதும் மகள்” என்றார். அங்கேயே விலைப் பேச்சும் முடிந்தது.

அவர் போனதும் நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கேட்டேன். கேட்க வேண்டாமா? வேற்று ஆள் முன்னால் என் கையைப் பிடித்தவள்.

“பாத்தியா? நான் பொய்யா சொன்னேன்? சொல்லுடி, நான் பொய்யா சொன்னேன்?”

“இல்ல அத்தை. உண்மையத்தான் சொன்னீங்க.”

“அப்பறம் என்னா? சத்தியம் பண்ணினா தல வெடிச்சிருமா? ஒன் தலையில ஊரே சத்தியம் பண்ணிச்சு. ஒனக்கு என்னா ஆச்சு? கல்லு மாதிரி நிக்கிறியே!”

உடைந்த கோப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“எனக்கு என்னா ஆச்சுன்னு நீங்கதானே அத்தை பக்கத்துல இருந்து பாத்தீங்க.”

அவ்வளவுதான். ஒரு துண்டுகூட விடாமல் பொறுக்கி முடித்தாள். அந்த மாதம் முடிவதற்குள் பேராதனைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். சண்டை இல்லை. தீபாவளிக்குச் சேலை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மகன் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுப் பின்னேரம் கூட்டிப் போவான். பேத்தி இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டது; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்கு அங்கே சொல்லிக் கொடுத்துதான் அனுப்புகிறார்கள். வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிடும். கும்பிட்ட கையோடு விலகி, ஜன்னல் ஓரக் கதிரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் தலை தாயுடையது மாதிரியே சுருள். எண்ணெய் பற்றாமல் காய்ந்து கிடக்கிறது. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

அவளுக்கு இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பார்க்காமல் இல்லை.

வாம்மா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின வரைக்கும் எடுத்து ஒருக்கா சத்தமா வாசி, கேப்பம். அங்க இருந்து வாசிச்சா அப்பாயிக்குக் காது கேக்காது. கதிரைய இழுத்துப் போட்டுக்க. இன்னும் கொஞ்சம். பயப்படாத, ரெண்டு கையும் மடியிலதான் வச்சிருக்கேன்.